பொம்மைகளை என்ன செய்வது, சுப்பு?

2-9-63, திங்கள்

இன்று வீட்டில் பெரிய ரகளை. காரணம் குரங்கு.

அண்ணன் நைட் ஷிப்ட் முடித்து வந்து, ஜன்னலில் போர்வையைக் கட்டி இருட்டாக்கிவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தானாம். என் டிரங்குப் பெட்டிக்குள் குரங்கு — சாவி கொடுத்தால் மேளம் தட்டுமே, அந்த மகராசன் — நேற்றிலிருந்து சாவி சிக்கி மல்லாந்து கிடந்தது. மதினி பெருக்குவதற்காகப் பெட்டியை நகர்த்தியிருக்கிறாள். அந்த ஆட்டத்தில் சிக்கல் விட்டுப்போய், உள்ளே இருந்தபடியே டம டம டமவென்று கச்சேரி. அண்ணன் அரைத் தூக்கத்தில் நிலக்கரி மைன்ஸில்தான் ஏதோ ஆபத்து என்று நினைத்து, வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவுக்கே ஓடிவிட்டான். பட்டப்பகல். பிளாக் முழுக்க நின்று வேடிக்கை பார்த்ததாம்.

நான் ஆபீஸ் விட்டு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, பிடித்துக்கொண்டான். “ஏட்டி சுப்பு, ராத்திரி முழுக்க அங்கன மிஷின் சத்தம். பகல்ல இங்கன ஒன் குரங்கு சத்தம். மனுசன் எங்க போயி ஒறங்க?”

சிரிக்கக் கூடாது, சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடுவது கண்ணுக்குள் வந்துவிட்டது. போச்சு.

“சிரிக்கா பாருங்க!” என்றாள் மதினி. “இருவத்திமூணு வயசுப் பிள்ள. சம்பாதிக்கதெல்லாம் தவளைக்கும் குரங்குக்கும்!”

4-9-63, புதன்

மதினிக்குத் தவளை என்றும் குரங்கு என்றும்தான் தெரியும். அவர்களுக்குப் பெயர் இருக்கிறது, அம்மா தாயே!

குரங்கு சூப்பிரண்டு. எங்கள் செக்ஷன் சூப்பிரண்டு இதே மாதிரிதான் மேஜையைத் தட்டுவார். தகரத் தவளை ஓவர்டைம். ஒரு தடவை முடுக்கிவிட்டால் நிற்கிற பேச்சே கிடையாது. சைக்கிள் மிதிக்கும் கரடி ஜெனரல் ஷிப்ட். பண்ருட்டியில் வாங்கிய தலையாட்டிச் செட்டியாருக்குத் தனியாகப் பெயர் வேண்டியதில்லை. ஊருக்குத் திரும்பிப்போன ரஷ்ய எஞ்சினீயரின் சம்சாரம் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனாளே ஒரு மரப் பொம்மை — திறந்தால் உள்ளே ஒருத்தி, அவளைத் திறந்தால் உள்ளே இன்னொருத்தி — அதற்குப் பெயர் குவார்ட்டர்ஸ். இருக்கிற இடத்துக்குள் எத்தனை பேர் வேண்டுமானாலும் அடங்கிக்கொள்வார்கள். அப்புறம் வாத்துகள், ரயில், ராட்டினம், இன்னும் சில்லறைப் பேர்வழிகள்.

எதற்கு வாங்குகிறாய் என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியவில்லை. சாவியைத் திருகும்போது உள்ளே கிர்ர் என்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டால் வயிற்றுக்குள்ளிருந்து சிரிப்பு வருகிறது. இது ஒரு காரணமா? எனக்குப் போதும்.

9-9-63, திங்கள்

கருணாகரன் எங்கள் ஆபீசுக்கு வந்தார். ஒரே கடிதத்தை இரண்டு தடவை டைப் அடித்து இரண்டையும் அனுப்பிவிட்டேன்.

11-9-63, புதன்

பின்னொரு நாளில் இதைப் படித்துவிட்டு யார் அந்தக் கருணாகரன் என்று நானே கேட்கப் போவதில்லை. இருந்தாலும் எழுதுகிறேன், எழுத நன்றாக இருக்கிறது. பவர் ஹவுஸில் எலெக்ட்ரிகல் பிரிவு. ஜூனில் பெர்மனென்ட் ஆனவர். நம்ம ஊர்ப் பக்கம், கல்லிடைக்குறிச்சி. டைப் அடிக்கக் காகிதம் கொண்டுவந்தால், மேஜையில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நிற்பார். நான் நிமிர்ந்து பார்த்து வாங்கும்வரை நிற்பார். அவ்வளவுதான் எங்கள் கதை. அதற்கே இந்தப் பாடு.

15-9-63, ஞாயிறு

ஐயோ! ஐயோ! ஐயோ!

அண்ணன் சாப்பிட்டுக்கொண்டே சொல்கிறான், என்னமோ ரேஷன் வந்ததைச் சொல்வதுபோல: “பவர் ஹவுஸ்ல கருணாகரன்னு ஒரு பையன். நம்ம ஆளுக. ஒன்னையக் கேக்காவ. விஜயதசமி அன்னைக்கு அவன் அம்மை பொண்ணு பாக்க வாராவ.”

எனக்குச் சோறு தொண்டையில் நின்றுவிட்டது. மதினி முதுகில் தட்டினாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு தட்டு சேர்த்துத் தட்டினாள், சும்மா, குறும்புக்கு.

அதோடு விட்டானா? “அதுக்கு முன்னாடி இந்தக் குரங்கு, கரடி, ஒண்ணு இந்த வீட்டுல இருக்கக் கூடாது. அந்தம்மா ரொம்பக் கண்டிப்பாம். சிரிச்சு யாரும் பாத்ததில்லையாம். கழுதை வயசுல பொம்மை வச்சு வெளயாடுத பொண்ணுன்னு தெரிஞ்சா, வாசலோட திரும்பிருவாவ. பொறவு நான் அந்தப் பையன் மொகத்துல எப்படி முழிக்க?”

அவன் சொல்வதிலும் தப்பில்லை. மூன்று பேர் இருக்கிற வீட்டில் பாதி ஹாலை என் பெட்டிகள்தான் அடைத்துக்கொண்டிருக்கின்றன. கட்டிக்கொண்டு போகிற வீட்டில் இதற்கெல்லாம் இடம் கொடுப்பார்களா?

20-9-63, வெள்ளி

பொம்மையா, கருணாகரனா?

இதில் யோசிக்க என்ன இருக்கிறது சுப்பு! கருணாகரன்தான். (எழுதிவிட்டேன். காது சுடுகிறது.)

ஆனால் அவருக்குச் சாவி கிடையாதே.

22-9-63, ஞாயிறு

எல்லாவற்றையும் விட வேண்டாம், கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம் என்று ஒரு சமாதானம் செய்துகொண்டேன். சத்தம் போடுகிறவர்கள் போகட்டும், வாய் திறக்காதவர்கள் இருக்கட்டும். சரிதானே? அந்தக் கணக்கில் சூப்பிரண்டு வெளியே. ஓவர்டைம் வெளியே. ரயில் வெளியே. செட்டியார் உள்ளே. ராட்டினம்... அது சத்தமா, இல்லையா? சும்மா ஒரு தடவை சுற்றிப் பார்த்தேன். பிறகு எல்லாரையும் ஒரு சுற்று ஓடவிட்டேன். மதினி அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நின்று, “நல்லாக் கொறைக்க போ” என்றாள்.

29-9-63, ஞாயிறு

வேலைக்கு வருகிற கலியம்மாளிடம் கேட்டேன். மைன்ஸுக்கு நிலம் போன ஊர்க்காரி. வெள்ளை மனசு, வாய் மட்டும் அரிவாள். “உன் பேத்திக்கு எடுத்துக்கிட்டுப் போயேன்” என்று சூப்பிரண்டை நீட்டினேன்.

தூரத்திலேயே நின்று பார்த்தாள். “இன்னாம்மா இது, இப்டி பல்ல இளிச்சிகினு நிக்குது? இத வூட்டுல வச்சிகினா எங்க வூட்டு கோயி கூட முட்ட வைக்காதுங்க.”

“சரி, தவளை?”

“தவளயா? மழ பேஞ்சா வூட்டாண்ட அதான நெறஞ்சிகினு கெடக்குது. காசு குடுத்து வேற வாங்கணுமா?” பிறகு கொஞ்சம் யோசித்து, “அது இருக்குற டப்பா நல்லா இருக்குது. அத வேணா குடுங்க, உப்பு போட்டு வச்சிக்குறேன்” என்றாள்.

டப்பாவைக் கொடுத்தேன். ஓவர்டைம் இப்போது என் தலையணைக்குப் பக்கத்தில்.

7-10-63, திங்கள்

ஜெனரல் ஷிப்டைக் கூட வேலை பார்க்கும் மேரியின் மகளுக்கென்று காலையில் கொடுத்தேன். மேரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மத்தியானம் அவள் மேஜையில் அது டைப்ரைட்டருக்குப் பின்னால் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு என்னைப் பார்த்தது. சாயங்காலம், “சும்மா காட்டத்தான் கொண்டுவந்தேன், மேரி” என்று சொல்லித் திரும்ப வாங்கிவிட்டேன்.

மேரி பார்த்த பார்வை இருக்கிறதே! பஸ்ஸில் கரடியை மடியில் வைத்துக்கொண்டு வெட்கத்தில் செத்தேன். ஆனால் கரடி மடியில் இருந்தது.

13-10-63, ஞாயிறு

போதும். இப்படி ஒவ்வொன்றாக விட என்னால் ஆகாது. விட்டால் மொத்தமாக விட வேண்டும்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிள்ளைகள் வார்டு நர்சைப் பார்த்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். இனி மேரியிடம் வாங்கின மாதிரி வாங்க முடியாது. காய்ச்சலில் கிடக்கிற பிள்ளை கையிலிருந்தா பிடுங்குவேன்?

நல்ல காரியம்தான். யார் இல்லை என்றது? நல்ல காரியம் செய்யறப்ப எதுக்கு இப்படி அழுக வருது? கருணாகரன் காகிதத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு, நான் இங்க தவளையப் பிடிச்சுக்கிட்டு மூக்கைச் சிந்திக்கிட்டு இருக்கேன். அசடு. அசடு.

17-10-63, வியாழன்

மைன்ஸுக்கு மிஷின் பாகம் வந்த சின்ன மரப்பெட்டி ஒன்றை அண்ணன் கொண்டுவந்திருந்தான், அதில் எல்லாரையும் வைக்கோல் போட்டு அடுக்கிவிட்டேன். நாளைக்கு எங்கள் வரிசைக்கு வெள்ளையடிக்க ஆள் வருகிறதாம். நான் லீவு போட்டிருக்கிறேன். பெட்டியை அவர்கள் தூக்கி எறிந்துவிட்டால்?

18-10-63, வெள்ளி

எங்கே ஆரம்பிக்க? சிரித்துச் சிரித்து முதல் வரியை மூன்று தடவை அடித்தாயிற்று.

காலையில் தனகோட்டி வெள்ளையடிக்க வந்தான். ஏணியில் ஏறினான். சுண்ணாம்பு வாளி சாய்ந்தது. எங்கே சாய்ந்தது? என் பெட்டி மேல்தான் சாய்ந்தது! வைக்கோல் தெப்பம். “அய்யய்யோ, பாக்கலீங்கம்மா, பாக்கலீங்கம்மா” என்று அவன் கத்த, நான் கத்த, தகரமெல்லாம் துருப்பிடித்துவிடுமே என்று ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் துடைத்தேன். காயவைக்க இடம் வேண்டும். ஹால்தான் அடித்து முடிந்திருந்தது. பெரிய டிரங்குமேல் ஒரு பலகை, சின்ன டிரங்குமேல் ஒரு பலகை, தரையில் ஒரு பலகை போட்டேன். ஈரம் இழுக்கட்டும் என்று அண்ணனின் வெள்ளை வேட்டியை மேலிருந்து கீழ்வரை விரித்து, எல்லாரையும் வரிசையாக நிறுத்தினேன். காற்றுக்காக வாசல் கதவைத் திறந்து வைத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. சத்தியமாக அவ்வளவுதான்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு மாமி — அக்கவுண்ட்ஸில் இருக்கிறாரே குஞ்சிதபாதம் சார், அவர் சம்சாரம், சிதம்பரத்துக்காரர்கள் — பட்டுப் புடவையும் குங்குமச் சிமிழுமாக வந்தாள். அவர்கள் வீட்டுக் கொலுவுக்கு மதினியை அழைக்க வந்தவள், வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

“அடியே நாகு! கொலு வெச்சிருக்கே! ஒரு வார்த்தை சொன்னியா?” என்றாள் மதினியைப் பார்த்து.

நானும் மதினியும் திரும்பிப் பார்த்தோம். மூன்று படி. வெள்ளை வேட்டி. வரிசையாகப் பொம்மைகள். எங்கள் பக்கத்தில் எங்கள் வீடுகளில் கொலு என்பதே கிடையாது. இன்றைக்குத்தான் நவராத்திரி ஆரம்பம் என்பதுகூட எங்களுக்குத் தெரியாது. வாயைத் திறப்பதற்குள் மாமி உள்ளே வந்து, கீழே உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு பாட ஆரம்பித்துவிட்டாள். அம்பாள்மேல் பாடுகிறவளை நிறுத்தி, “மாமி, இது தவளை காயுது” என்று எப்படிச் சொல்ல?

மாமிக்கு நல்ல குரல். அடுத்த வீடு வந்தது. எதிர் வரிசை வந்தது. தனகோட்டிகூட ஏணியிலிருந்து இறங்கி, சுண்ணாம்புக் கையோடு ஒரு கும்பிடு போட்டான்.

மதினி என்னை அடுப்படிக்கு இழுத்தாள். “ஏட்டி, கொலுன்னா என்ன செய்யணும்?”

“தெரியாது மதினி. சுண்டல் குடுப்பாவ.”

“சுண்டலுக்கு எங்க போக?”

வேர்க்கடலை இருந்தது. வேகவைத்து, உப்புப் போட்டு, கொடுத்தோம். எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள். போகும்போது மாமி ஒவ்வொரு பொம்மைக்கும் குங்குமம் வைத்தாள். ஓவர்டைம் நெற்றியில் ஒரு பொட்டு. சூப்பிரண்டுக்கு ஒரு பொட்டு. ரஷ்யாக்காரிக்கு மட்டும் கொஞ்சம் பெரிசாக.

“மொதல் வருஷத்துக்கு மூணு படி போறும். ஒம்போது நாளும் கலைக்கப்படாது. ஒரு தடவை வெச்சுட்டா வருஷா வருஷம் வெக்கணும், விடப்படாது” என்றாள். பிறகு மதினியின் தாடையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, “கொலு வெச்ச ஆத்துல சீக்கிரம் தொட்டில் ஆடும்டி கொழந்தே.”

அண்ணனுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம் ஆகிறது. மதினி அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. மாமி போனபிறகு வெகுநேரம் படிக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தாள்.

19-10-63, சனி

நேற்றுச் சாயங்காலம் பெண்கள் கூட்டத்தைப் பார்த்துவிட்டு அண்ணன் டிபன் கேரியரோடு திரும்பி வாசலுக்குப் போய், குவார்ட்டர்ஸ் நம்பரைப் பார்த்துவிட்டு மறுபடி வந்தான். எல்லா வீடும் ஒரே மாதிரி இருக்கிற ஊரில் அது நியாயமான சந்தேகம்தான்.

“இதெல்லாம் ஞாயித்துக்கெழம ஆஸ்பத்திரிக்குப் போகும்னு சொன்னால்லா?” என்றான்.

“கொலுவக் கலைக்கக் கூடாது!” என்றாள் மதினி. எந்த மதினி? போன வாரம்வரை கரண்டியோடு நின்ற அதே மதினி!

நான் ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. என் தலையை யாரோ கழுத்துக்கு மேல் திரும்ப வைத்த மாதிரி இருக்கிறது.

நர்சிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “கொலுவிலிருந்தா கேட்க முடியும்? வார்டுக்குச் சுண்டல் அனுப்பு” என்றார். மதினி ஒரு தூக்குவாளி நிறையக் கொடுத்தனுப்பினாள்.

21-10-63, திங்கள்

என் பொம்மைகளைத் தொட எனக்கே அனுமதி இல்லை. சாவியில் கை வைத்தால் மதினி கையை முறித்துவிடுவாளாம். “சாமியா இருக்குததப் போயித் திருகுவாளா ஒருத்தி?”

22-10-63, செவ்வாய்

இன்று மொச்சைச் சுண்டல். அண்ணன் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, தனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்றான்.

24-10-63, வியாழன்

இன்று ஒரு தப்பு செய்தேன். நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது.

நல்ல கூட்டம். மாமி பாடிக்கொண்டிருந்தாள். மூலையில் ஒரு அம்மாள், புதுமுகம், அறுபது இருக்கும். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு என்னையும் பொம்மைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு பிளாக்கிலிருந்து யாருடனோ வந்திருப்பார் என்று நினைத்தேன். சுண்டல் கொடுக்கப் போனேன். கிண்ணத்தை வாங்காமல், “ஏ பிள்ள, அந்தக் குரங்கு என்ன செய்யும்?” என்று கேட்டார்.

“மேளம் தட்டும்.”

“பொய்.”

பொய்யா? என் சூப்பிரண்டைப் பார்த்துப் பொய்யா? மதினி அந்தப் பக்கம் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். சட்டென்று எடுத்து நாலு திருகு திருகி அந்த அம்மாள் முன்னால் வைத்தேன். டம டம டம! மாமி பாட்டை நிறுத்தவில்லை. நிறுத்தாமல் கண்ணை மட்டும் திறந்து பார்த்து, குரங்கின் தாளத்துக்குத் தானும் வேகமாகப் பாட ஆரம்பித்தாள். அந்த அம்மாள் முதலில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். பிறகு முடியவில்லை. தோள் குலுங்கி, கண்ணில் தண்ணீர் வழிந்து, பக்கத்தில் இருந்தவள்மேல் சாய்ந்துவிட்டார். “தவள? தவள என்ன செய்யும்?” என்று மூச்சு வாங்கக் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் தானே திருகி விட்டுவிட்டார். ஓவர்டைம் நெற்றிப் பொட்டோடு குதித்துக் குதித்துப் போய்ச் சுண்டல் தவலைக்குள் விழுந்தது.

எல்லாரும் போனபிறகு மதினி என்னை வாங்கு வாங்கென்று வாங்கினாள். தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டேன். அந்த அம்மாள் யாரோ, எவரோ, நன்றாக இருக்கட்டும்.

26-10-63, சனி

ஆயுத பூஜை. மைன்ஸில் வாளி வைத்த ராட்சத மிஷினுக்கு மாலையும் சந்தனமும் பொட்டுமாம். “அங்கயும் பொட்டு, இங்கயும் பொட்டு” என்றான் அண்ணன். நாளைக்கு அவர்கள் வருகிறார்கள். பொம்மைகள் எல்லாம் அப்படியே படியில் நிற்கின்றன. கொலு என்று சொல்லிவிடலாம் என்கிறாள் மதினி. கண்டிப்பான அந்த அம்மாள், கொலு வழக்கமே இல்லாத நம்ம வீடுகளைத் தெரிந்த அந்த அம்மாள், நம்புவாரா?

27-10-63, ஞாயிறு, விஜயதசமி

காப்பித் தட்டோடு ஹாலுக்கு வந்தேன். தலை குனிந்தபடி. முதலில் அவர் செருப்பில்லாத கால் தெரிந்தது. அடுத்து ஒரு சேலைக்கரை. எங்கேயோ பார்த்த சேலைக்கரை. மெதுவாக நிமிர்ந்தால் —

அதே அம்மாள்!

தட்டு ஆடியது. கருணாகரன் எழுந்து பிடித்துக்கொண்டார். ஆபீசில் காகிதத்தைப் பிடிப்பதுபோல அதையும் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

“என்ன முழிக்க?” என்றார் அந்த அம்மாள், பேச்சியம்மாள், என் — என் மாமியார். “சொல்லிட்டு வந்தா பொண்ணு தலையக் குனிஞ்சிக்கிட்டு நிக்கும். அதப் பாத்து என்னத்தத் தெரிஞ்சிக்கிட? கொலுன்னாவ, யாரும் போலாம்னாவ. வந்தேன், பாத்தேன். எனக்குச் சம்மதம்.” அண்ணன் பக்கம் திரும்பி, “அந்தக் குரங்க இங்க எடுங்க” என்றார்.

அண்ணன், என் அண்ணன் அய்யாசாமி, குரங்கைத் தன் கையால் எடுத்துத் திருகிக் கொடுத்தான்!

28-10-63, திங்கள்

ஒரு நாள் முழுக்க டைப் அடித்ததில் ஒன்றுகூட உருப்படி இல்லை. எனக்குக் கவலையும் இல்லை.

12-11-63, செவ்வாய்

கருணாகரன் காகிதம் கொண்டுவந்தார். “குரங்குக்கு உங்க சூப்பிரண்டு பேராமே? அம்மா சொன்னாவ” என்றார். சூப்பிரண்டு பின்னால் நின்றுகொண்டிருந்தார். நிஜ சூப்பிரண்டு. நாங்கள் இருவரும் ஓடி ஒளிய இடமில்லை.

22-12-63, ஞாயிறு

தை மாதம் பதின்மூன்றாம் தேதி ஊரில் கல்யாணம். இன்று மதினி என் சாமான்களை எடுத்துவைத்தாள். நான் உள்ளே வந்தபோது தரையில் உட்கார்ந்து, பொம்மைகளைப் பழைய சேலைத் துணியில் ஒவ்வொன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் என் பெட்டியில் அடுக்கியிருந்தாள்.

“ஒன் காசுல வாங்கினதுல்லா? எடுத்துட்டுப் போ. நான் வர்ற வருசத்துக்கு மண்ணுல ஏதாச்சும் நாலு வாங்கி வைக்கேன். மாமிகிட்டக் கேட்டேன், பொம்ம மாறினா தப்பில்லங்காவ.”

“மாமிகிட்ட எப்பம் கேட்டீங்க?” என்றேன்.

“நாலஞ்சு தடவ கேட்டேன்” என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடைசியாக ஓவர்டைம் இருந்தது. அதன் நெற்றிப் பொட்டு அழிந்துவிடாமல் துணியைத் தலைக்கு மேலாகத் தூக்கித் தூக்கிச் சுற்றிப் பார்த்தாள், சரியாக வரவில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கிறேன் என்ற அன்றைக்கு எனக்கு அழுகையாக வந்தது. இன்றைக்கு மதினியைப் பார்க்கத்தான் அழுகை வந்தது. நாலு வருஷமாக யாரிடமும் சொல்லாததை அந்தத் தவளையிடமாவது சொல்லி வைத்திருக்கிறாளோ?

“மதினி, எல்லாம் இங்கயே இருக்கட்டும்.”

“போட்டி இவளே. ஒனக்கு உசுருல்லா?”

“இருக்கட்டும்னா இருக்கட்டும். வச்சதக் கலைக்கக் கூடாதுன்னு சொன்னது யாரு, நீங்கதான?”

ஒன்றாவது எடுத்துக்கொள் என்றாள். வேண்டாம் என்றேன். ஒன்றை எடுத்தால் மீதி எல்லாம் என்னைப் பார்க்கும். இருவரும் சேர்ந்து எல்லாத் துணியையும் மறுபடி பிரித்தோம். மதினி அழுதாள், நானும் அழுதேன், நடுவில் சூப்பிரண்டு யார் கை பட்டோ இரண்டு தட்டுத் தட்டினார், இருவரும் சிரித்துவிட்டோம்.

ஆக, விட்டுவிட்டேன். நிஜமாகவே விட்டுவிட்டேன். இனி குடும்பம், ஆபீஸ், கருணாகரன். போதாதா?

23-12-63, திங்கள்

போதும் என்று இன்னொரு தடவை எழுதி வைக்கிறேன்.

2-2-64, ஞாயிறு

புது வீடு. பிளாக்தான் வேறு, ஜன்னல், அடுப்படி, கொல்லைக் கதவு எல்லாம் அண்ணன் வீடேதான். இருட்டில்கூட முட்டிக்கொள்ளாமல் நடக்கிறேன். இவர் (பேரை எழுதக் கூடாதாமே! கருணாகரன், கருணாகரன், கருணாகரன்) காலை ஷிப்ட் போயிருந்தார்.

அத்தை காலையிலிருந்து என் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் பொறுக்கமாட்டாமல், “தொறக்கப் போறியா, இல்லையா?” என்றார். திறந்தேன். சேலையை எடுத்தார். பாத்திரத்தை எடுத்தார். அடியில் விரித்திருந்த காகிதத்தைக்கூடத் தூக்கிப் பார்த்தார்.

“எங்க?”

“எது அத்தை?”

“குரங்கு, தவள எல்லாம் எங்க?”

மதினியிடம் விட்டு வந்ததைச் சொன்னேன். எதற்காக விட்டேன் என்பதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். “நல்லது செஞ்ச. அவளுக்கு நல்லபடியா ஆகட்டும்” என்றார். பிறகு போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டால் பசியில்லை என்றார்.

இவர் ஷிப்ட் முடிந்து வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்கமாட்டாமல் கொல்லைப் பக்கம் ஓடினார். “அம்மா ஒரு மாசமா அலமாரியில மேல்தட்ட ஒழிச்சுத் தொடச்சு வச்சிருக்கா. சாமான் வைக்கப் போனா என்னையும் விடலை” என்றார்.

நிமிர்ந்து பார்த்தேன். மேல்தட்டில் பழைய பேப்பர் விரித்து, ஓரத்தைப் பூப்பூவாகக் கத்தரித்து வைத்திருந்தது.

9-2-64, ஞாயிறு

அத்தையும் நானும் பஸ் ஏறிக் கடலூர் போனோம். இவரிடம் கோயிலுக்கு என்று சொன்னோம். கோயிலுக்கும் போனோம், பொய் சொல்லவில்லை. தேரடிப் பக்கத்தில் ஒரு கடை. வாசலில் நின்றதும் நான், “சும்மா பாத்துட்டு வந்துருவோம் அத்தை. நான் விட்டுட்டேன்லா” என்றேன். அத்தை காதில் வாங்கவேயில்லை. நேராக உள்ளே போய், கடைக்காரரை ஒவ்வொன்றாக எடுக்கச் சொல்லி, ஒவ்வொன்றையும் திருகி, காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டு, பிடிக்காததைக் கீழே வைத்துக்கொண்டே வந்தார். கடைசியில் ஒரு தகரக் கோழி. திருகிவிட்டால் கொத்திக்கொண்டே போகிறது, நின்று தலையைச் சாய்த்துப் பார்க்கிறது, மறுபடி கொத்துகிறது. கடையே சிரித்தது.

ஆசையோடு கையை நீட்டினேன். அத்தை கோழியைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார்.

“இது எனக்கு. நீ ஒனக்குத் தனியா வாங்கு.”